உப்பு மறந்த புதினாத் தயிர்

சம்பந்தி,

நேற்று இடித்த புதினா இன்றைக்கும் என் நகக்கண்ணில் இருக்கிறது. மூன்று தடவை சோப்புப் போட்டுத் தேய்த்தும் வாசனை போகவில்லை. இத்தனை வருஷமாக பஞ்சர் ஒட்டுகிற கை இது. ரப்பரும் கிரீசும் தவிர வேறொன்றும் மணந்தறியாத கை. அதில் அபூர்வமாக ஒரு நல்ல வாசனை ஒட்டிக்கொண்டால் அதைக் கழுவித் தொலைப்பானேன் என்று விட்டுவிட்டேன். காலையில் ஒரு பைக்கின் பின் டயரைக் கழற்றிக்கொண்டிருந்தபோது வண்டிக்காரர் மூக்கை உறிஞ்சிப் பார்த்து, "இன்னாண்ணா, கடைல பிரியாணி கிரியாணி போட ஆரம்பிச்சிட்டியா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே நீங்களும் வந்துவிட்டீர்கள். அவரை அனுப்பிவிட்டு, டியூப்பைத் தண்ணீர்த் தொட்டியிலேயே போட்டுவிட்டு, இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நேற்று கலசப்பாக்கத்தில், உங்கள் வீட்டில், உங்களுக்கு முதல் வருஷப் படையல். சோறு, குழம்பு, வடை, பாயசம் எல்லாம் உங்கள் அக்கா பொறுப்பு. புதினாத் தயிர் மட்டும் என் பொறுப்பு. அதில் நான் ஒரு தப்புப் பண்ணிவிட்டேன். என்ன தப்பு என்று உங்களுக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். தெரிந்து, அந்த வழக்கமான சிரிப்பை, தோள் மட்டும் குலுங்குகிற, சத்தமே வராத சிரிப்பைச் சிரித்திருப்பீர்கள். இருந்தாலும் என் வாயால் சொன்னால்தான் எனக்கு ஆறும். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் எழுத்து. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தப்பைச் சொல்ல வேண்டுமானால் நீங்கள் எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

என் மகள் மலரும் உங்கள் மகனும் திருவண்ணாமலையில் ஒரே கல்லூரியில் படித்தவர்கள். அங்கேயே ஒருவரை ஒருவர் பிடித்துப்போய்விட்டது. படிப்பு முடிந்து அதை வீட்டில் சொன்னார்கள். உங்களுக்கும் ஆட்சேபனை இல்லை, எங்களுக்கும் இல்லை. மனசில்லாதவர் உங்கள் அக்கா ஒருவர்தான். தாயில்லாத உங்கள் மகனைத் தூக்கி வளர்த்தவர் அவர். அவர் தலையாட்டாமல் உங்கள் வீட்டில் நெல் கூட அவியாது என்று மலர் முன்கூட்டியே எச்சரித்திருந்தாள். அவரை மலைமேல் இருக்கிற எங்கள் வீட்டுக்கு வரவழைத்து, பெண்ணைக் காட்டி, பேசி, அன்றைக்கே ஒரு வார்த்தை வாங்கிவிட வேண்டும். வாங்காவிட்டால் கதை அதோடு சரி.

உங்கள் பக்கத்திலும் எங்கள் பக்கத்திலும் வழக்கம் ஒன்றுதான். பேச்சு முடிவாகிற வரைக்கும் பெண் வீட்டில் கை நனைக்கக் கூடாது. தண்ணீர் குடிக்கலாம், அவ்வளவுதான். பேச்சு முடிந்து, சரி என்ற பிறகே இலை போடுவது. வந்தவர்கள் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டால் சம்பந்தம் முடிந்தது என்று அர்த்தம். ஆகவே சமையல் தயாராக இருக்க வேண்டும், ஆனால் கண்ணில் படக் கூடாது. என்ன கூத்து பாருங்கள். ஆறு பேருக்குச் சாமையில் பிரிஞ்சி செய்து மூடி வைத்துவிட்டு, ஒன்றுமே செய்யாதவர்கள் போல முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும்.

முந்தின நாள் சாயங்காலம் வீட்டில் வேலை பிரித்தார்கள். மலர் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "அப்பா, நாளைக்கு நீ ஒண்ணும் பேசாம இருந்தா போதும். அதான் உன் வேலை" என்றாள்.

என் வீட்டுக்காரி விடவில்லை. "சும்மா உக்காந்திருந்தா இவரு கண்டிப்பா வாயத் தொறப்பாரு. கைக்கு ஏதாவது குடு. அடுப்பு வேலை வேணாம், வூட்டக் கொளுத்திடுவாரு" என்றாள். அப்படித்தான் புதினாத் தயிர் என் தலையில் வந்து விழுந்தது. பிரிஞ்சிக்குத் தொட்டுக்கொள்ள வெங்காயப் பச்சடி போடுவதுதானே நம் பக்கத்து வழக்கம். மலர் விடுதியில் யாரிடமோ இந்தப் பச்சைத் தினுசைக் கற்றுக்கொண்டு வந்திருந்தாள். உங்கள் மகனுக்குப் பிடிக்கும் என்றாள். அந்த இடத்தில் கேள்வி கேட்காமல் இருக்க எனக்குத் தெரியும்.

சம்பந்தி, இதைச் செய்வது லேசு என்று எல்லாரும் சொல்கிறார்கள். லேசான காரியத்தைக் கெடுக்கவும் ஒரு திறமை வேண்டும். மலர் அதற்கு ஒரு வாரம் முன்பே என்னிடம் செய்முறை சொல்லி, ஒத்திகை பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தாள். தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டுத் தண்ணீர் வடிக்க வேண்டும் என்றாள். நான் கடையில் டியூப் மாட்டுகிற கொக்கியில் தொங்கவிட்டேன். வடிந்தது நன்றாகத்தான் வடிந்தது. வாயில் வைத்தால் பஞ்சர் சொல்யூஷன் வாசனை. அடுத்த நாள் வீட்டுத் துணிக்கொடியில் கட்டினேன், இலைகளை மிக்சியில் போட்டேன். சூட்டில் இலை கறுத்துப் போய்க் கசந்தது. "கிரீஸ் மாதிரி இருக்குது" என்றாள் என் வீட்டுக்காரி. கிரீஸைப் பற்றி இந்த வீட்டில் எனக்குத்தான் தெரியும் என்று சொல்ல வாயெடுத்து, அடக்கிக்கொண்டேன்.

மூன்றாவது தடவைதான் கைகூடியது. வடிந்த தயிரை மத்தால் கட்டியில்லாமல் அடித்தேன். சிறு உரலில் பச்சை மிளகாய், ஒரு துண்டு இஞ்சி, வறுத்த சீரகம். அவை மசிந்த பிறகு புதினா, கொத்தமல்லி, கொல்லைப்புறத்துக் கற்பூரவல்லி நாலு இலை. நாலுதான், ஐந்தாவது விழுந்தால் கஷாயம். கூழாக்காமல் நைய இடித்து, தயிரில் போட்டுக் கலந்து, மேலே எலுமிச்சம்பழம் சில சொட்டு. கடைசியாக உப்பு. "அப்பா, உப்பு மட்டும் எல போடறப்பதான். முன்னாடியே போட்டா தயிரு தண்ணி விட்டுக்கும், எலையும் வதங்கிடும்" என்று மலர் விரலை ஆட்டிச் சொன்னாள். நான் தலையை ஆட்டினேன். கடைசியில் போட வேண்டும் என்பது என் மண்டையில் நன்றாகப் பதிந்தது. போட வேண்டும் என்பதுதான் பதியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் பஸ்ஸிலிருந்து இறங்கிய கோலம் எனக்கு இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது. போளூரிலிருந்து ஏறி வருகிற வளைவுகள் உங்களைப் பிழிந்து எடுத்திருந்தன. கையில் ஒரு எலுமிச்சம்பழத்தைப் பிடித்து முகர்ந்துகொண்டே இறங்கினீர்கள். உங்கள் அக்கா நனைத்த துண்டால் முகத்தை ஒற்றிக்கொண்டு, வீட்டு வாசலில் கால் வைக்கும் முன்பே தீர்ப்பைச் சொல்லிவிட்டார்: "இந்த ரோட்ல ஏறி எறங்கறதுக்கே தனியா ஒரு உசுரு வேணும் போலக்குது."

பேச்சு ஆரம்பித்தது. நான் பேசவில்லை, சத்தியமாகப் பேசவில்லை. என் வீட்டுக்காரி சமையலறை வாசலில் நின்று என் வாயைக் காவல் காத்தாள். மலர் வந்து நமஸ்காரம் பண்ணிவிட்டுப் போனாள். உங்கள் அக்கா அவளை நன்றாகத்தான் பார்த்தார். பெண்ணைக் குறை சொல்லவில்லை. மலையைத்தான் சொன்னார். "நாள பின்ன நல்லது கெட்டதுன்னா யாரு ஏறி வர்றது? வயசான காலத்துல என்னால ஆவாது. பொண்ணும் பொறந்த வூட்டுக்குப் போறேன் போறேன்னு நிக்கும். போனா உடனே திரும்ப முடியுமா?" ஒவ்வொன்றும் நியாயமாகத்தான் இருந்தது. பதில் சொல்ல யாருமில்லை. சொல்லக்கூடியவன் என்று நான் ஒருவன் இருந்தேன், எனக்கோ வாய்க்கட்டு.

கடைசியில் அவர் எழுந்தார். "சரிங்க. வூட்ல போய் யோசிச்சி சொல்லி அனுப்பறோம்" என்றார்.

அதற்கு அர்த்தம் என்ன என்று இரண்டு பக்கத்துக்கும் தெரியும். நீங்களும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தீர்கள். உங்கள் மகன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். உள்ளறைக் கதவுக்குப் பின்னால் மலருடைய கொலுசுச் சத்தம் சட்டென்று நின்றது. அந்தச் சத்தம் நின்றதுதான் என்னைக் கிளப்பியது.

நேரே சமையலறைக்குள் போனேன். என்ன எடுக்கப் போனேன் என்று இன்றைக்கும் தெரியாது. கையில் வந்தது புதினாத் தயிர்க் கிண்ணம். அதைத் தூக்கிக்கொண்டு வந்து கூடத்தின் நடுவில், உங்கள் எதிரில் நின்றுவிட்டேன். பேசக் கூடாது என்றுதானே சொன்னார்கள், கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே.

நீங்கள் கிண்ணத்தைப் பார்த்தீர்கள். என்னைப் பார்த்தீர்கள்.

"இன்னாங்க அது, பச்சையா?"

"புதினாத் தயிருங்க. நானே செஞ்சது."

"நீங்களேவா?" என்றீர்கள். அடுத்து, சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், வலது கை ஆள்காட்டி விரலை உள்ளே விட்டு, வழித்து, நக்கிவிட்டீர்கள்.

கூடத்தில் ஒருவரும் மூச்சு விடவில்லை. உங்கள் அக்காதான் முதலில் விட்டார். "அடப்பாவி! இன்னாடா பண்ட்ட? பேச்சு முடியாத வூட்ல கை நனைச்சிட்டியேடா!"

நீங்கள் அதைக் காதில் வாங்கவே இல்லை. நாக்கைச் சப்புக்கொட்டி, மேல் கூரையைப் பார்த்து யோசித்து, "நல்லாத்தான் இருக்குது. ஆனா உப்பில்லயே" என்றீர்கள்.

சம்பந்தி, என் தலையில் ஆலங்காயம் பஸ் ஏறிய மாதிரி இருந்தது. ஒரு வாரம் ஒத்திகை பார்த்து, கடைசியில் போட வேண்டிய உப்பைப் போடாமலே விட்டிருக்கிறேன். சமையலறை வாசலில் என் வீட்டுக்காரி நெற்றியில் அடித்துக்கொண்டது எனக்குக் கேட்டது.

உங்கள் அக்கா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "உப்பில்லன்னா அது சாப்ட்ட கணக்கே இல்ல! வெறும் தயிரு தண்ணி மாதிரி. தண்ணி குடிக்கலாம்னு தான இருக்குது? கை நனைச்சதா ஆவாது. கெளம்பு கெளம்பு."

அவர் சொன்னதில் சட்டம் இருந்தது. எனக்கே அவர் பக்கம்தான் நியாயம் என்று தோன்றிவிட்டது. அதற்குள் என் வீட்டுக்காரி, அதுவரை கூடத்துக்கே வராதவள், விறுவிறு என்று வந்து, உப்பு ஜாடியை உங்கள் காலடியில் டக்கென்று வைத்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள்.

நீங்கள் குனிந்தீர்கள். ஜாடியைத் திறந்து ஒரு சிட்டிகை எடுத்தீர்கள். கிண்ணத்தில் தூவி, அதே விரலால் நிதானமாக ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி வழித்து நக்கினீர்கள். "இப்ப உப்பும் ஆச்சு. இந்தா அக்கா, நீயும் பாரு."

உங்கள் அக்கா பார்த்தது கிண்ணத்தை இல்லை, உங்கள் மூஞ்சியை. எத்தனை நேரம் என்று தெரியாது. எனக்கு ஒரு மழைக்காலம் போல இருந்தது. பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வந்த இடத்திலேயே திரும்ப உட்கார்ந்து, "எல போடுங்க" என்றார்.

உள்ளறையில் கொலுசு மறுபடி ஒலித்தது. அன்றைக்கு அவர் பிரிஞ்சிக்குத் தொட்டுக்கொள்ள இரண்டு தடவை புதினாத் தயிர் கேட்டு வாங்கியதை நான் எங்கேயும் சொல்லவில்லை. இங்கேதான் முதல் தடவையாக எழுதுகிறேன்.

கல்யாணத்தன்று தாலி ஏறியதும் நீங்கள் என்னை ஓரமாக இழுத்துப் போய், காகிதத்தில் சுற்றிய ஒன்றை என் சட்டைப் பையில் திணித்தீர்கள். பிரித்தால், உள்ளங்கையில் அடங்குகிற எவர்சில்வர் டப்பா. உள்ளே விளிம்பு வரை கல்லுப்பு. "மாப்ள வூட்டு சீரு, சம்பந்தி. இனிமே மறந்துட்டேன்னு சொல்லப்படாது" என்றீர்கள். அன்றிலிருந்து அது என் சட்டைப் பையில்தான். சட்டை மாறும், டப்பா மாறாது. என் வீட்டுக்காரி துவைக்கப் போடும் முன் பையைத் தட்டிப் பார்ப்பதே அதற்காகத்தான்.

அதற்குப் பிறகு மலை ஏறமாட்டேன் என்று சொன்னவர்கள் எல்லாரும் ஏறினார்கள். உங்கள் அக்கா சீத்தாப்பழ சீசனில் வந்து பை நிறையக் கொண்டுபோவார். நீங்கள் சாக்குப்போக்கே இல்லாமல் வருவீர்கள், கையில் எலுமிச்சம்பழத்தோடு. முகர்ந்து முடித்த அதே பழத்தைப் புதினாத் தயிருக்குப் பிழியச் சொல்வீர்கள். நெல் வயலில் நாற்றுப் பிடுங்குகிற வேகத்தில் புதினா கிள்ளுவீர்கள். காம்பும் சேர்ந்து வரும். நான் காம்பைப் பொறுக்கி எறிவேன். நீங்கள் அதைத் திரும்ப எடுத்து உரலில் போடுவீர்கள். "காம்புலதான் வாசன" என்பீர்கள். கற்பூரவல்லி நாலு இலையா ஆறு இலையா என்று நாம் போட்ட சண்டையைக் கேட்டு, கடைக்கு வந்தவர்கள் சொத்துத் தகராறு என்று நினைத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். தயிர் வடியும் முன் நான் துணியைப் பிழியப் போனால், "அவசரப்படாத சம்பந்தி, தயிரு எங்க ஓடிப்போவுது?" என்று கையைத் தட்டிவிடுவீர்கள். இப்போது டியூப்பில் பேட்ச் ஒட்டிக் காயக் காத்திருக்கும்போதுகூட எனக்கு அது கேட்கிறது. முன்பெல்லாம் பாதியில் பிடுங்கிப் பார்ப்பேன். இப்போது அது பாட்டுக்குக் காயட்டும் என்று விட்டுவிடுகிறேன்.

ஒவ்வொரு தடவையும் நான் உங்களிடம் ஒன்று கேட்பேன். அன்றைக்கு ஏன் சம்பந்தி விரலை விட்டீர்கள்? ஒவ்வொரு தடவையும் ஒரு பதில் சொல்வீர்கள். ஒரு வருஷம், "பஸ்ல வந்த தலசுத்துக்கு புளிப்பா ஏதாவது வேணும்னு இருந்துச்சு" என்றீர்கள். இன்னொரு வருஷம், "பசி, வேற இன்னா?" என்றீர்கள். ஒரு தடவை, "நான் மறந்துட்டேம்பா, கை நனைக்கக் கூடாதுன்னே ஞாபகமில்ல" என்று சாமி மேல் சத்தியம் பண்ணினீர்கள். உங்கள் அக்கா பக்கத்திலிருந்ததால் அதை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

போன வருஷம் உங்களுக்கு உடம்பு முடியாமல் போனதும் டாக்டர் உப்பை அடியோடு நிறுத்திவிட்டார். உங்கள் மகன் போனில் சொன்னபோது எனக்குப் பாவமாகவும் இருந்தது, கொஞ்சம் சிரிப்பாகவும் இருந்தது. தயிரை மலையிலேயே வடித்து, தூக்குவாளியில் போட்டு எடுத்துக்கொண்டு கலசப்பாக்கத்துக்கு இறங்கினேன். அங்கே உட்கார்ந்து புதினா இடித்தேன். எல்லாம் போட்டேன், உப்பு மட்டும் போடவில்லை. கட்டிலில் சாய்ந்தபடி அதே விரலால் வழித்து வாயில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினீர்கள்.

"மறுபடி மொத நாள் ருசி, சம்பந்தி. அக்காகிட்ட சொல்லாத. உப்பில்ல, ஒறவு செல்லாதுன்னு சொல்லிடப் போவுது."

இரண்டு பேரும் சிரித்தோம். உங்களுக்கு இருமல் வந்துவிட்டது. தண்ணீர் கொடுத்தேன். வழக்கமாகக் கேட்கிறதை அன்றைக்கு நான் கேட்கவில்லை. நீங்களாகவே சொன்னீர்கள்.

"உங்க கை நடுங்குச்சு."

"எப்ப?"

"அன்னிக்கு, கிண்ணத்தத் தூக்கிக்கினு நின்னீங்களே. தயிரு தளும்பிச்சு, கட்ட விரலெல்லாம் பச்ச. நாலு வார்த்த பேசி மயக்கறவங்களப் பாத்திருக்கிறேன். பொண்ணுக்காக ஒரு கிண்ணத்தத் தூக்கிக்கினு வந்து, இன்னா சொல்றதுன்னு தெரியாம நடுங்கிக்கினு நிக்கிற ஆளப் பாத்ததில்ல. இந்த ஆளு வூட்ல நம்ம புள்ள நல்லாருப்பான்னு தோணிச்சு. வேற ஒண்ணுமில்ல."

"சீக்கிரம் எழுந்து வாங்க. உப்பு போட்டு செஞ்சு குடுக்கறேன்" என்றேன். "வர்றேன் வர்றேன், தயிரு எங்க ஓடிப்போவுது" என்றீர்கள்.

நீங்கள் வரவில்லை. அந்த உப்பு போட்ட புதினாத் தயிர் ஒன்று என் கணக்கில் பாக்கி நின்றுவிட்டது. ஒரு வருஷமாக அதுதான் எனக்கு உறுத்தல். பட்டினி போட்டு அனுப்பிவிட்டது போல. ஆகவே படையல் என்றதும் நான் அக்காவிடம் முதலில் கேட்டதே இதைத்தான்: "புதினாத் தயிரு நான் செய்றேங்க. உப்பு போட்டு." அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "செய்யுங்க. ஆனா படைக்கிறத வாய்ல வெச்சிப் பாக்கக் கூடாது, மோந்தும் பாக்கக் கூடாது. தெரியுமில்ல?" என்றார். தெரியும் என்றேன். இந்தத் தடவை உப்பை மறக்கவே போவதில்லை, ருசி பார்ப்பதற்கு என்ன அவசியம் என்று மனசுக்குள் மார்தட்டிக்கொண்டேன்.

இப்போது தப்புக்கு வருகிறேன்.

நேற்று உங்கள் வீட்டுப் பின்கட்டில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் ஒழுங்காக இடித்தேன். உங்களுக்காகக் காம்போடு. கற்பூரவல்லி ஆறு இலை. பார்த்தீர்களா, நீங்கள் போன பிறகு உங்கள் கட்சிக்கு மாறிவிட்டேன். தயிரில் கலந்தாயிற்று, எலுமிச்சை பிழிந்தாயிற்று. உப்பு எடுக்கப் பையில் கை வைத்த சமயம், வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. உங்கள் சொந்தக்காரர் யாரோ. முன் டயரில் காற்றில்லை. "மாமா, கொஞ்சம் பாருங்களேன், ஆணி ஏறிச்சான்னு" என்று உங்கள் மகன் கூப்பிட்டான். என்னைப் பார்த்து டயர் என்று சொன்னால் என் கால் நிற்காது. போனேன், குனிந்தேன், ஆணியைப் பிடுங்கினேன், ஆணி எங்கே ஏறியது என்று ஒரு சின்னச் சொற்பொழிவும் ஆற்றினேன். கை கழுவிவிட்டுத் திரும்பி வந்து கிண்ணத்தின் முன் உட்கார்ந்தால், உப்பு போட்டேனா இல்லையா?

டப்பாவைத் திறந்து பார்த்தேன். கிட்டத்தட்ட நிறைய இருந்தது. ஒரு சிட்டிகை எடுத்திருந்தால் தெரியவா போகிறது? கரண்டியைப் பார்த்தேன், யாரோ கழுவி வைத்திருந்தார்கள். கிண்ணத்தை உற்றுப் பார்த்தேன். தயிர் பச்சையாக, ஒன்றும் சொல்லாமல் இருந்தது. போட்டிருந்து, மறுபடி போட்டால் கரிக்கும். போடாதிருந்து, அப்படியே வைத்தால் ஒரு வருஷம் காத்திருந்து மறுபடி உப்பில்லாமல் உங்கள் முன் வைக்கிறேன். ஒரு சொட்டு நாக்கில் வைத்தால் தீர்ந்தது. விரல் கிண்ணத்தின் விளிம்பு வரை போய்விட்டது. நீங்களாக இருந்தால் விட்டிருப்பீர்கள், எனக்குத் தெரியும். எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை.

உள்ளே இலை போட்டாயிற்று, படத்துக்கு மாலை போட்டாயிற்று. அக்கா கூப்பிட்டார். கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு போனேன். இலையின் பக்கத்தில் வைத்துவிட்டு, பையிலிருந்து டப்பாவை எடுத்து, பாதியை இலையின் ஓரத்தில் கொட்டினேன். ஒரு குவியலாக நின்றது. எல்லாரும் பார்த்தார்கள். படையல் இலையில் யார் உப்பைக் குவித்து வைக்கிறார்கள்?

"இன்னா சம்பந்தி இது, உப்பத் தனியா?" என்றார் அக்கா.

ஒளிக்கத் தெரியாதவன். "போட்டேனா இல்லியான்னு தெரியலீங்க" என்றேன்.

மலர் கண்ணை மூடிக்கொண்டாள். என் வீட்டுக்காரி வழக்கமான இடத்தில், நெற்றியில், அடித்துக்கொண்டாள். நான் இலையையே பார்த்துக்கொண்டு நின்றேன். கை நடுங்கியது, சம்பந்தி. அன்றைக்கு நடுங்கியதைவிட அதிகமாக.

அக்கா வந்து என் பக்கத்தில் நின்றார். உங்கள் படத்தை ஒரு தடவை பார்த்தார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து நான் விலகப் போனேன். அழுகை இல்லை. சத்தமே வராத சிரிப்பு. உங்கள் இரண்டு பேருக்கும் அது ஒரே மாதிரி என்று நேற்றுதான் பார்த்தேன்.

"வெச்சிடுங்க, அப்டியே இருக்கட்டும்" என்றார். "அவனே போட்டுக்குவான். அன்னிக்கும் அவன்தான போட்டுக்கினான்."

கற்பூரம் காட்டினார்கள். நாங்கள் எல்லாரும் வெளியே வந்து, கதவைச் சாத்தி, கொஞ்ச நேரம் நின்றோம். உங்களுக்குச் சாப்பிட நேரம் வேண்டுமல்லவா. எனக்கு மட்டும் உள்ளே சப்புக்கொட்டுகிற சத்தம் கேட்காதா என்று காது போய்க்கொண்டே இருந்தது.

கதவைத் திறந்து, படையலைப் பிரித்துக் கொடுத்தார்கள். கிண்ணம் முதலில் உங்கள் மகன் கைக்குப் போனது. ஸ்பூன் பக்கத்திலேயே இருந்தது. அவன் அதை எடுக்கவில்லை. ஆள்காட்டி விரலை விட்டு, வழித்து, நக்கினான். மேல் கூரையைப் பார்த்தான்.

"உப்பில்ல மாமா" என்றான்.

அப்படியே குனிந்து உங்கள் இலையோரத்துக் குவியலிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்துத் தூவி, அதே விரலால் ஒரு சுற்றுச் சுற்றி, அத்தையிடம் நீட்டினான். அக்கா வாங்கி வாயில் வைத்தார். பிறகு மலர், பிறகு என் வீட்டுக்காரி. கடைசியாக எனக்கு வந்தது. கல்லுப்பு கரையாமல் பல்லில் நறநறத்தது. சம்பந்தி, காம்பில்தான் வாசனை. ஒத்துக்கொள்கிறேன்.

பாக்கி தீர்ந்ததா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. உங்கள் அக்கா தீர்ந்தது என்கிறார். அந்த வீட்டில் அவர் சொன்னால் சொன்னதுதான்.

டப்பாவில் இப்போது பாதி உப்புதான் இருக்கிறது. அக்கா நிரப்பித் தருகிறேன் என்று கை நீட்டினார், நான் கொடுக்கவில்லை. மீதிப் பாதி உங்களிடம் இருக்கிறது, இருக்கட்டும். ஒரு வித்தியாசம்தான். விளிம்பு வரை இருந்தபோது சத்தம் போடாத டப்பா, இப்போது குனிந்தால் நிமிர்ந்தால் பைக்குள் சலசலவென்று பேசுகிறது. காலையில் அந்த வண்டிக்காரர் அதையும் கவனித்துவிட்டார்.

"இன்னாண்ணா சத்தம், பைக்குள்ள?"

"எங்க சம்பந்தி" என்றேன்.